பவளத் தொட்டித் தண்ணீர்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு ஒன்றின் வரவேற்பறையில் 2013 முதல் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள், அவர்கள் சொல்லி அழைக்கும் நண்பர்கள், ஊரிலிருந்து கூப்பிடும் தம்பிமார்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். முதல் ஏழெட்டு கேள்விகள் புதியவர்களுக்கு. அனுபவம் உள்ளவர்கள் ஆல்கலினிட்டி பற்றிய கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

"அண்ணே, எட்டு வருஷமா மீன் வளர்க்கிறேன். பவளத்துக்கு மட்டும் தண்ணியில அப்படி என்ன தனியா பார்க்கணும்?"

மீன் தண்ணீரில் குடியிருக்கிறது. பவளமோ குடியிருக்கும் தண்ணீரிலிருந்தே கல்லெடுத்து வீடு கட்டுகிறது. கல் பவளத்தின் ஒவ்வொரு பாலிப்பும் (பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு சிற்றுயிரும்) தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுத்து, அராகனைட் என்ற சுண்ணாம்புக் கல்லாகத் தன் அடியில் படியவைத்துக்கொண்டே இருக்கும். கடலில் எவ்வளவு இழுத்தாலும் குறை தெரியாது. உங்கள் 200 லிட்டர் தொட்டியில் நாலைந்து பவளம் நன்றாக வளரத் தொடங்கினாலே ஒரு வாரத்தில் குறை தெரிந்துவிடும். அதை அளந்து, அதே அளவு திருப்பி ஊற்றுவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

தோல் பவளம், காளான் பவளம், ஜோவான்திட் போன்ற மென்பவளங்களுக்கு இந்தத் தேவை மிகக் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவர்களை முதல் ஒரு வருடம் இவற்றோடு மட்டும் இருக்கச் சொல்வேன்.

"எந்தெந்த எண்ணைப் பார்க்கணும்? ஒரே மூச்சில சொல்லிடுங்க."

உப்பளவு 35, அதாவது ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம். ஒப்படர்த்தியாகப் பார்க்கிறவர்களுக்கு 25 டிகிரியில் 1.026. வெப்பம் 25 முதல் 27 டிகிரி. ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் சரக்கு, விளக்கம் கீழே வரும்), நாங்கள் கே.எச். என்று கூப்பிடுவது, 7 முதல் 9. கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). மெக்னீசியம் 1250 முதல் 1400. நைட்ரேட் 2 முதல் 10. பாஸ்பேட் 0.03 முதல் 0.1. பி.எச். 7.8-லிருந்து 8.4 வரை. அம்மோனியா பூஜ்யம்.

இந்த வரிசையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் நடுவில் நிறுத்தப் போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போராட வேண்டாம். கே.எச். 7.3-இல் ஆறு மாதம் நகராமல் இருக்கும் தொட்டி, திங்கள் 8.5, வியாழன் 7, ஞாயிறு 9 என்று ஆடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல். கீழே வரும் பதில்களில் பாதிக்குமேல் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

"குழாய்த் தண்ணிய ரெண்டு நாள் வாளியில வச்சா குளோரின் பறந்துடுமே. அதுல உப்பைக் கரைச்சா போதாதா?"

குளோரின் பறக்கும். ஆனால் சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய் நீரில் சேர்ப்பது குளோராமின். இரண்டு நாள் வைத்தாலும் அது போகாது. கடையில் விற்கும் குளோரின் நீக்கிச் சொட்டு மருந்து குளோராமினை உடைக்கும். உடைத்த பிறகு அம்மோனியா மிஞ்சும். நன்னீர் மீன் தொட்டியில் பாக்டீரியா அதைப் பார்த்துக்கொள்ளும் என்று விடலாம், பவளத்திடம் அந்தப் பரீட்சை வேண்டாம்.

நாலு கட்டம் கொண்ட ஆர்.ஓ. – டி.ஐ. வடிகட்டி ஒன்று வாங்குங்கள்: வண்டல் வடிகட்டி, கரி, சவ்வு, கடைசியாக அயனி நீக்கும் ரெசின். குளோராமினைக் கரி உடைக்கிறது, மிஞ்சும் அம்மோனியாவை ரெசின் பிடிக்கிறது. வெளியே வரும் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு) 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏறத் தொடங்கினால் ரெசின் தீர்ந்தது என்று பொருள், அன்றே மாற்றுங்கள். தொட்டிக்குச் செலவழிக்கும் முதல் பணம் விளக்குக்குப் போவதைத்தான் பார்க்கிறேன். அது இந்த வடிகட்டிக்குப் போக வேண்டும்.

"சென்னையில வீட்ல குடிக்கிறதுக்கு ஆர்.ஓ. மிஷின் இருக்கு அண்ணா. அந்தத் தண்ணி ஆகாதா?"

அப்படியே ஆகாது. வீட்டு மிஷின்களில் பலவற்றில் டி.டி.எஸ். கட்டுப்படுத்தும் திருகு ஒன்று இருக்கும். சுவைக்காகச் சவ்வைத் தாண்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. சிலவற்றில் தாதுச்சத்து சேர்க்கும் குழாயும் கடைசியில் இருக்கும். ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி அளந்து பாருங்கள். 40, 80 என்று காட்டினால் அதில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. சிலிகேட் இருந்தால் கண்ணாடியெல்லாம் பழுப்புப் படலம், பாஸ்பேட் இருந்தால் பச்சைப் பாசி. கேன் தண்ணீருக்கும் இதே பதில். மிஷினிலிருந்து சவ்வைத் தாண்டிய தண்ணீரை மட்டும் தனியே எடுத்து, ஒரு டி.ஐ. ரெசின் குழாய் வழியாக விட முடியுமென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

"கல்லுப்பு போட்டா என்ன ஆகும்?"

கல்லுப்பு கிட்டத்தட்ட முழுவதும் சோடியம் குளோரைடு. கடல்நீர் ஆவியாகும்போது அது தனியே படிகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். பவளத்துக்கு வேண்டியதெல்லாம் அப்படிப் போனதில்தான் இருக்கிறது. தொட்டிக்கென்றே செய்த உப்புக் கலவையை வாங்குங்கள். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை பிடிக்கும்.

"கடல் தண்ணியே லாரியில வந்து ஊத்துறாங்களே, அது இன்னும் நல்லதுதானே?"

நானே நாலு வருடம் வாங்கியிருக்கிறேன். தண்ணீரில் கெடுதல் இல்லை, ஆனால் சிங்கப்பூரைச் சுற்றிய கடலின் உப்பளவு பெரும்பாலும் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் இறங்கும். உப்பளவு குறைந்தால் கூடவே எல்லாம் குறையும். 35-இல் 420 இருக்கும் கால்சியம் 30-இல் 360 தான். "கால்சியம் ஏறவே மாட்டேங்குது" என்று என்னிடம் வந்த ஒருவருக்குப் பிரச்சினையே இதுதான்: மூன்று மாதமாகக் கால்சியம் ஊற்றிக்கொண்டிருந்தார், தண்ணீரின் உப்பளவு 29. ஒரு டப்பா உப்புக் கலவை எல்லாவற்றையும் சரிசெய்தது.

ஆகவே வாங்கினால் முதலில் உப்பளவைப் பாருங்கள். அதையும் ஊசி ஆடும் பிளாஸ்டிக் மானியில் பார்க்காதீர்கள். ஊசியில் ஒட்டும் ஒரு காற்றுக் குமிழி அளவை மாற்றிவிடும். ஒளி விலகலை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. வெறும் ஆர்.ஓ. தண்ணீரை வைத்துப் பூஜ்யத்துக்குச் சரிசெய்தால் மட்டும் போதாது. 35-க்கென்று விற்கும் அளவுத் திரவத்தில் வைத்துச் சரிபாருங்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35-இல் 2 தள்ளிக் காட்டியதை என் கையாலேயே பார்த்திருக்கிறேன்.

"தண்ணி தினமும் குறையுது. உப்புத் தண்ணி ஊத்தணுமா, நல்ல தண்ணியா?"

நல்ல தண்ணீர், டி.டி.எஸ். 0. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றி நிரப்பினால் வாரா வாரம் உப்பளவு ஏறும். தானாக நிரப்பும் மிதவைக் கருவி ஒன்று வைத்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஐந்து லிட்டர் ஊற்றுகிறவரின் தொட்டியில் உப்பளவு வாரம் முழுதும் ஏறி, ஒரே நிமிடத்தில் இறங்குகிறது.

"தொட்டி வச்சு ரெண்டு வாரம் ஆச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. பவளம் போடலாமா சார்?"

தெளிவுக்கும் தயார்நிலைக்கும் தொடர்பில்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியா சேர்த்தால் ஒரே நாளில் மறைகிறதா என்று பாருங்கள். நைட்ரைட்டைக் கண்டு நன்னீர்க்காரர்கள் பயப்படுவார்கள். கடல்நீரில் குளோரைடு நிறைய இருப்பதால் மீனுக்கு அதன் நஞ்சு அவ்வளவாக ஏறாது. அம்மோனியாதான் எமன்.

"ஆல்கலினிட்டின்னா பி.எச். தானே? ரெண்டுக்கும் தனித்தனி கிட் எதுக்கு?"

இந்தக் குழப்பத்தால் செத்த பவளங்கள் ஏராளம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பி.எச். என்பது இந்த நிமிடம் தண்ணீர் எவ்வளவு காரமாக இருக்கிறது என்பது. ஆல்கலினிட்டி என்பது அமிலம் வந்து விழுந்தால் அதைத் தாங்கிக்கொள்ள தண்ணீரிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது. கடல்நீரில் அந்தச் சரக்கின் பெரும்பகுதி பைகார்பனேட்டும் கார்பனேட்டும். பி.எச். பகலில் ஏறி இரவில் இறங்கும்: விளக்கு எரியும்போது பவளத்துக்குள் இருக்கும் பாசி கார்பன் டை ஆக்சைடை உண்கிறது, விளக்கணைந்ததும் எல்லா உயிரும் அதை வெளிவிடுகின்றன. கே.எச். அப்படிப் பகல் இரவு பார்த்து ஊசலாடாது. பவளம் அதைக் கல்லாக்கும் அளவுக்கு இறங்கும், நீங்கள் ஊற்றும் அளவுக்கு ஏறும்.

பவளம் எலும்பு கட்டுவது இந்தக் கார்பனேட் சரக்கிலிருந்துதான். எனவே ஒரே ஒரு சோதனை கிட் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் கே.எச். கிட் வாங்குங்கள். பி.எச். மீட்டர் பிறகு வரட்டும்.

"ஒருத்தர் கே.எச். 7 வைக்கச் சொல்றார், இன்னொருத்தர் 11-ங்கிறார். யார் சொல்றதைக் கேட்கிறது?"

இயற்கைக் கடலில் 6.5-லிருந்து 7-க்குள் இருக்கும். உயர்த்தி வைத்தால் வளர்ச்சி கொஞ்சம் வேகப்படும் என்பது உண்மை. ஆனால் 10, 11 வைத்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் தொட்டிகளில் அக்ரோபோரா என்ற கிளைக் கல் பவளத்தின் நுனி வெந்ததுபோல் வெளுத்து, சதை உரிவதைப் பலரும் கண்டிருக்கிறோம். எலும்பு வேகமாக நீளுகிறது, அதை மூடும் சதைக்கு உணவு போதவில்லை என்பதே எங்களில் பலர் சொல்லும் விளக்கம். என் தொட்டி 7.8-இல் நிற்கிறது. நீங்கள் 7-க்கும் 9-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். நின்ற இடத்தை மாதாமாதம் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் நாளுக்கு 0.5-க்கு மேல் நகர்த்தாதீர்கள்.

"என் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு கே.எச். சாப்பிடுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மூன்று நாள் எதையும் ஊற்றாமல், தண்ணீர் மாற்றாமல், ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். திங்கள் இரவு எட்டு மணிக்கு 8.4, வியாழன் இரவு எட்டு மணிக்கு 6.9 என்றால் மூன்று நாளில் 1.5, நாளுக்கு 0.5. இதுதான் உங்கள் தொட்டியின் தீனி. பவளம் வளர வளர இது கூடும், ஆகவே மாதம் ஒருமுறை மறுபடி பாருங்கள். கண்ணாடியிலும் பாறையிலும் படரும் ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசியும் நத்தைகளும்கூட இதில் பங்கு கேட்கும்.

கால்சியத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு 1 கே.எச். குறையும்போதும் கால்சியம் சுமார் 7 பி.பி.எம். குறைகிறது. அதாவது மேலே சொன்ன தொட்டி ஒரு நாளைக்கு 420-இல் 3.6 தான் உண்கிறது. கால்சியம் கிட்டுகள் பெரும்பாலும் 10 அல்லது 20 படியாகக் காட்டுபவை. ஒரு வாரம் கழித்தும் அவற்றில் ஒன்றிரண்டு படிதான் இறங்கியிருக்கும். அதே வாரத்தில் கே.எச். 8.4-லிருந்து 5-க்குக் கீழே போயிருக்கும். கே.எச்.-ஐ முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

"கே.எச். ஏத்த ஆப்பசோடா போடலாம்னு சொல்றாங்களே, நிஜமாவா மாமா?"

நிஜம்தான். ஆப்பசோடா என்பது சோடியம் பைகார்பனேட். விலையுயர்ந்த பாட்டில்கள் பலவற்றில் இருப்பதும் அதுவோ அதன் உடன்பிறப்பான சோடியம் கார்பனேட்டோதான். உணவுத் தரமுள்ளதாக, வேறெதுவும் கலக்காததாக வாங்குங்கள். பேக்கிங் பவுடர் வேறு. அதில் அமிலமும் மாவும் இருக்கும், அதைத் தொட்டி பக்கமே கொண்டுவராதீர்கள்.

கணக்கு எளிது: 100 லிட்டர் தண்ணீரில் 1 கே.எச். ஏற்ற 3 கிராம் ஆப்பசோடா. நாளுக்கு 0.5 உண்ணும் 200 லிட்டர் தொட்டிக்குத் தினம் 3 கிராம், ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில் மெதுவாக. அதே தொட்டிக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் தினம் 2.6 கிராம். லிட்டர் என்று சொல்லும்போது உண்மையில் நிற்கும் தண்ணீரைச் சொல்கிறேன். பாறையும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்துவிட்டு சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) உள்ளதைச் சேருங்கள். பெட்டியில் 200 என்று எழுதியிருக்கும் தொட்டியில் பெரும்பாலும் 165, 170 தான் இருக்கும்.

"அவசரத்துல சோடாவையும் கால்சியத்தையும் ஒன்னா ஊத்திட்டேன். தொட்டி பால் மாதிரி ஆயிடுச்சு! எல்லாம் போச்சா?"

போகவில்லை. இரண்டும் அடர்த்தியாக ஒரே இடத்தில் சந்தித்ததால் பவளம் செய்யும் வேலையைத் தண்ணீரே செய்துவிட்டது: சுண்ணாம்புத் துகளாகிப் படிகிறது. பம்புகள் ஓடட்டும், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) ஓடட்டும், மேலும் எதையும் ஊற்றாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் தெளியும். தெளிந்த பிறகு கே.எச். அளந்தால் ஊற்றியதற்கு நேர்மாறாக இறங்கியிருக்கும். அதை முன் சொன்ன வேகத்தில் மெல்ல ஏற்றுங்கள். இனி ஒன்று காலையில், மற்றது மாலையில்.

"கால்சியம் 350-லயே நிக்குது. எவ்வளவு ஊத்தினாலும் கே.எச். விழுது, கே.எச். ஏத்தினா கால்சியம் விழுது. என்ன கொடுமை இது?"

முதலில் உப்பளவைப் பாருங்கள், அதற்கு மேலே உள்ள லாரித் தண்ணீர் பதிலைப் படியுங்கள். அது சரியென்றால் மெக்னீசியத்தை அளவிடுங்கள், அநேகமாக 1100-க்குக் கீழே இருக்கும். கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து தானாகக் கல்லாகிவிடாமல் தடுப்பதில் மெக்னீசியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உருவாகத் தொடங்கும் படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அது வளரவிடாமல் செய்கிறது. அந்தக் காவல் குறைந்தால் நீங்கள் ஊற்றுவதெல்லாம் ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளைக் காரையாகப் படியும். பம்பைக் கழற்றிப் பார்த்தால் சாட்சி அங்கேயே இருக்கும்.

100 லிட்டரில் 100 பி.பி.எம். ஏற்ற சுமார் 84 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் வேண்டும். நாளுக்கு 100-க்கு மேல் ஏற்ற வேண்டாம். மெக்னீசியம் 1300-க்கு வந்த பிறகு கால்சியத்தைக் கவனியுங்கள், அப்போது கேட்கும்.

"அம்மா வெத்தலைக்கு வச்சிருக்கிற சுண்ணாம்பும் கால்க்வாசரும் ஒன்னுதானாமே?"

வேதியியலில் ஒன்றுதான், இரண்டும் கால்சியம் ஹைட்ராக்சைடு. ஜெர்மானியர் வைத்த பெயருக்கும் சுண்ணாம்பு நீர் என்றே பொருள். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் கூட என்ன இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சுட்ட கிளிஞ்சலில் இருந்ததெல்லாம் அதிலும் இருக்கும். உணவுத் தரத்துக்குச் சுத்திகரித்த தூளை வாங்குங்கள், விலை அதிகமில்லை.

எனக்குப் பிடித்த முறை இதுதான். பவளம் எந்த விகிதத்தில் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுக்கிறதோ அதே விகிதத்தில் திருப்பிக் கொடுக்கிறது, பி.எச்.-ஐயும் உயர்த்துகிறது. லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவு நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக இதையே விடலாம்: 200 லிட்டர் தொட்டியில் தினம் 2 லிட்டர் ஆவியானால், நிறைகரைசல் நாளுக்கு 1 கே.எச்.-க்குச் சற்று மேல் ஈடுகட்டும். அதன் பி.எச். 12-க்கு மேல். ஒரேயடியாகக் கொட்டினால் மீன்கள் சாகும். கண்ணில் தெறித்தால் உங்கள் கண் போகும். கலக்கும்போது கண்ணாடி போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

"பி.எச். 7.8-ஐத் தாண்டவே மாட்டேங்குது. கடையில பஃபர் பவுடர் குடுத்தாங்க, போடட்டுமா?"

போடாதீர்கள். அந்தப் பவுடர் ஏற்றுவது கே.எச்.-ஐ, பி.எச். சில மணி நேரம் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கும், நீங்கள் மறுநாளும் போடுவீர்கள், வாரக் கடைசியில் கே.எச். 13-இல் நிற்கும். பி.எச். தாழ்வாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வீட்டுக் காற்று. சன்னலை அடைத்து ஏ.சி. போட்டு நாலு பேர் தூங்கும் வீட்டில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, அது தண்ணீரில் கரைகிறது.

2015-இல் புகைமூட்டம் வாரக்கணக்கில் நீடித்தபோது எல்லோரையும்போல நாங்களும் சன்னல்களைச் சாத்திவைத்திருந்தோம். என் குறிப்பேட்டில் அந்த நாட்களின் காலை பி.எச். 7.7, 7.7, 7.6. கே.எச். மட்டும் 8-இல் அப்படியே இருந்தது. ஊற்றுவதில் எதையும் மாற்றவில்லை. புகை விலகிச் சன்னல் திறந்த இரண்டாம் நாள் 8.1. ஒரு பவளமும் சாகவில்லை.

உங்கள் வீட்டில் இதுதான் காரணமா என்று பார்க்க, ஒரு குவளை தொட்டித் தண்ணீரைத் தாழ்வாரத்துக்கு எடுத்துப்போய் காற்றுக்கல் போட்டு ஒரு மணி நேரம் குமிழிவிடுங்கள். பி.எச். ஏறினால் குறை காற்றில். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டினாலே பாதி சரியாகும்.

"நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ. இவ்வளவு சுத்தமா வச்சும் பவளம் ஏன் வெளிறுது?"

அவ்வளவு சுத்தமாக வைத்ததால்தான். பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கும் பவளத்தின் சதைக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். கடலில் அவை தண்ணீரில் குறைவாக இருந்தாலும் மிதவை உயிரிகளாக ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன; தொட்டியில் அந்த வரத்து இல்லை. இரண்டும் பூஜ்யமான தொட்டியில் டைனோ என்று நாங்கள் சொல்லும் பழுப்புச் சளி, நூல்நூலாகக் குமிழியோடு மணலை மூடும். அது ஒருமுறை வந்தால் விரட்ட மாதங்கள் ஆகும். மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள், பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடை எடுத்துவிடுங்கள்.

"எனக்கு நேர்மாறு. நைட்ரேட் 50. வாரா வாரம் பத்து சதவீதம் மாத்துறேன், அசையவே மாட்டேங்குது."

அசையாது. பத்து சதவீதத் தண்ணீர் பத்து சதவீத நைட்ரேட்டைத்தான் கொண்டுபோகும்: 50-இல் 5. வாரத்தில் உங்கள் தீனி 5 ஏற்றுகிறதென்றால் ஆயுளுக்கும் 50-இல் நிற்பீர்கள். வரவைக் குறையுங்கள் அல்லது போக்கைக் கூட்டுங்கள். தீனி, மீன்களின் எண்ணிக்கை, பல நாள் கழுவாத வடிகட்டிப் பஞ்சு மூன்றையும் முதலில் பாருங்கள். பிறகு சம்ப்பில் கீட்டோமார்பா பாசி வளர்த்து, அதன் விளக்கை இரவில் எரியவிடுங்கள், இரவு பி.எச். இறங்குவதையும் அது கொஞ்சம் தடுக்கும். 50-ஐ ஒரே வாரத்தில் 5 ஆக்க நினைக்காதீர்கள், இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்திருக்கு. தாமிர மருந்து ஊத்தலாமா?"

பவளத் தொட்டியில் ஒருபோதும் கூடாது. தாமிரம் பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொல்லும். பாறையிலும் மணலிலும் ஏறிக்கொண்டு பிறகும் கசியும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் செய்யுங்கள்.

"ராமேஸ்வரம் பக்கம் பவளம் கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னார். ஊருக்குப் போகும்போது ரெண்டு துண்டு எடுத்துக்கலாமா?"

எடுக்காதீர்கள், விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. செத்த துண்டை வைத்திருந்தாலும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருந்த பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டினார்கள்; பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. 2010-இலும் 2016-இலும் கடல் சூடாகி அங்கே பவளங்கள் வெளுத்தன. மிஞ்சியிருப்பதில் கை வைக்க நமக்கு உரிமையில்லை. சிங்கப்பூரில் வாங்கினாலும் கல் பவளம் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) அனுமதியோடு வந்ததா என்று கேளுங்கள். தொட்டியில் வளர்த்து வெட்டிய ஃப்ராக் (சிறு பவளத் துண்டு) கிடைத்தால் அதுவே எல்லாவற்றிலும் நல்லது. தொட்டித் தண்ணீருக்குப் பழகியதாகவும் இருக்கும்.

"டோசிங் பம்ப் கோளாறாகி கே.எச். ஒரே ராத்திரியில 12 ஆயிடுச்சு. உடனே இறக்கணும்ல?"

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2017 தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒன்பது நாள் கழித்து வந்தபோது கே.எச். 12.6. கரைசலைத் தானாக அளந்து ஊற்றும் அந்தப் பம்ப் கெடவில்லை; குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது, சோடா பாட்டில் மேல் தட்டில் இருந்தது, பம்ப்பின் உருளை தளர்ந்ததும் தானாக இழுத்து முழு பாட்டிலும் இறங்கியிருந்தது. அதுவரை பவளங்கள் சுருங்கித்தான் இருந்தன, உயிரோடு இருந்தன. பதற்றத்தில் அன்றே நிறையத் தண்ணீரை மாற்றி 9-க்குக் கொண்டுவந்தேன். நாலு நாளில் ஆறு அக்ரோபோரா அடியிலிருந்து உரிந்து போயின.

ஆகவே ஊற்றுவதை நிறுத்துங்கள், அவ்வளவே. பவளங்களே அதை உண்டு நாளுக்கு அரை, முக்கால் என்று இறக்கும். கால்சியமும் மெக்னீசியமும் அதோடு சேர்ந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டோசிங் குழாய் முனை எப்போதும் தண்ணீருக்கு ஓரங்குலம் மேலே இருக்கட்டும்.

"எல்லா எண்ணும் சரியாத்தான் இருக்கு அண்ணே. ஆனாலும் ஒன்னொன்னா செத்துக்கிட்டே இருக்கு. என்னதான் பண்றது?"

முதலில், எண்கள் உண்மையா? கே.எச். கிட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். 2.4 கிராம் ஆப்பசோடாவை 1 லிட்டர் டி.டி.எஸ். 0 தண்ணீரில் கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து மறுபடி 1 லிட்டராக்குங்கள். அதன் கே.எச். 8. உங்கள் கிட் 8 காட்டினால் நம்புங்கள், 9.5 காட்டினால் கடந்த ஆறு மாதக் குறிப்பு முழுவதிலும் ஒன்றரையைக் கழித்துப் படியுங்கள். கிட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை முன்பு சொன்னபடி சரிபாருங்கள்.

இரண்டாவது, எண்கள் எப்போது சரியாக இருக்கின்றன? வாரம் ஒருமுறை ஞாயிறு காலை அளப்பவருக்கு ஞாயிறு காலை மட்டுமே தெரியும். ஏழு நாள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, கே.எச். மட்டும் அளவிடுங்கள். என்னிடம் இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு விடை அந்த ஏழு நாள் தாளிலேயே இருந்தது: ஒருவருக்குத் தண்ணீர் மாற்றும் நாளில் 1.5 துள்ளியது, உப்புக் கலவையின் கே.எச். 11 என்பதை அவர் அளந்ததே இல்லை. இன்னொருவர் கே.எச். ஆடவேயில்லை, வெப்பமானியைப் பார்த்தால் பகலில் எல்லோரும் வேலைக்குப் போனபின் ஏ.சி. இல்லாத வீட்டில் தொட்டி 30.5 டிகிரிக்குப் போய் இரவில் 27-க்கு இறங்கியது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்த பிறகு சாவு நின்றது.

அதற்கும் மேல் பிடிபடவில்லையென்றால் ஒரு புட்டி தண்ணீரை ஐ.சி.பி. சோதனைக்கு (ஆய்வகத்தில் தனிமங்களை ஒவ்வொன்றாக அளக்கும் சோதனை) அனுப்புங்கள். தாமிரம், துத்தநாகம், வெள்ளீயம் போன்று நம் கிட்டுகளுக்குத் தெரியாதவற்றை அது காட்டும். துருப்பிடித்த காந்தமோ பித்தளைத் திருகோ தண்ணீருக்குள் எங்கோ கிடக்கும். என்னைக் கூப்பிடுகிறவர்கள் அந்த ஏழு நாள் தாளையும், தொட்டியின் உண்மையான லிட்டர் கணக்கையும், தினம் என்ன ஊற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். படம் மட்டும் வந்தால் என்னால் ஊகிக்கத்தான் முடியும்.